அலைய வேண்டியது ஆளா, கோப்பா? காப்பீட்டு அட்டையைப் புதுப்பிக்க எந்த வழி நல்லது

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்காக யுனைடெட் இந்தியா நிறுவனத்தோடு அரசு போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் 2022 ஜனவரி 11-இல் தொடங்கியது. 2027 ஜனவரியில் அதன் காலம் முடிகிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியத்தை அரசே கட்டுகிறது. அதற்கு ஈடாகக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அடுத்த ஒப்பந்தம் வரும்போது எந்த நிறுவனம், எவ்வளவு பிரீமியம், எந்தெந்த ஆபரேஷன் உள்ளே வரும் என்றெல்லாம் பேச்சு நடக்கும். நடக்கட்டும். கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குத் தோன்றும் கேள்வி வேறு. ஏற்கெனவே அட்டை வைத்திருக்கும் குடும்பம், தான் இன்னும் தகுதியோடுதான் இருக்கிறது என்பதை எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை, யாரிடம், எதைக் காட்டி நிரூபிக்க வேண்டும்?

நான் திருமங்கலம் பக்கம் இ-சேவை மையம் நடத்துகிறேன். வருமானச் சான்று விண்ணப்பம் ஒன்றுக்கு 60 ரூபாய் கட்டணம். சான்றுக்கு வரும் கூட்டம் குறைந்தால் என் வரும்படியும் குறையும். கீழே நான் சொல்லப்போவது என் கடைக்கு நஷ்டமான யோசனை என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். "கார்டு எக்ஸ்பைரி ஆயிருச்சாமே, புதுப்பிக்கணுமாமே" என்று பதறிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். மோட்டார் வண்டி இன்சூரன்ஸ் மாதிரி வருடா வருடம் நாம் பணம் கட்டிப் புதுப்பிக்கும் அட்டை இல்லை இது. சேரும்போது மூன்று தாள் வேண்டும்: குடும்ப அட்டை, ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று. 2022-க்கு முன் அந்த வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது. ஒரு தடவை சேர்ந்துவிட்டால் பிரீமியம் அரசின் பொறுப்பு.

அட்டை பழசாவதில்லை, குடும்பம்தான் மாறுகிறது. குடும்பத் தலைவர் இறந்துபோகிறார். அட்டை அவர் பெயரிலேயே கிடக்கிறது. மகளுக்குக் கல்யாணமாகி, பிறந்த வீட்டு ரேஷன் கார்டில் பெயரை எடுத்துவிடுகிறார்கள். புகுந்த வீட்டுக் கார்டில் சேர்க்க, அந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை. கார்டில் பெயரில்லாதவருக்குக் காப்பீடும் இல்லை. இந்தப் பெண் மேலூரில் பிறந்து வாடிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு ஊரிலும் அவள் கணக்கில் கிடையாது. நல்லபடியாக இருக்கும்வரை யாருக்கும் இது தெரியாது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த பிறகுதான் காப்பீட்டு மேசையில், "இவங்க பேரு இதில் இல்லையே" என்பார்கள். நாங்கள் பார்க்கும் அவசர வேலைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

ஆகவே, எந்த முறையை ஒப்பிட்டாலும் இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும். தகுதி உள்ளவர் அறியாமல் வெளியே விழாமல் அந்த முறை காக்கிறதா? தகுதி இல்லாதவரை உண்மையிலேயே கண்டுபிடிக்கிறதா? பல முறைகள் இரண்டாவதைச் சொல்லிக்கொண்டு முதலாவதைக் கெடுக்கின்றன.

ஆண்டுதோறும் ஆளை வரச் சொல்வது

அதிகாரிகளுக்கு எப்போதும் முதலில் தோன்றும் வழி இதுதான். ஒவ்வொரு வருடமும் புது வருமானச் சான்று கொண்டு வா, அப்படியானால் அட்டை நீடிக்கும்.

பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு இது என்ன செலவு என்று கூட்டிப் பார்ப்போம். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் ஏற்ற ஒரு நாள். அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா அலுவலகம் என்று கம்ப்யூட்டரிலேயே நகரும் என்பது ஏற்பாடு, நடைமுறையில் வி.ஏ.ஓ.வை ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்தால்தான் நகரும் என்பது ஊரறிந்த சங்கதி. சான்று வந்த பிறகு இரண்டு பஸ் மாறி மதுரை கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்கு வர இன்னொரு நாள். நூறு நாள் வேலையின் கூலி 2025-26-இல் தமிழ்நாட்டில் 336 ரூபாய். இரண்டு நாள் போனால் 672. சான்றுக் கட்டணம் 60. ஆக 732. பஸ் டிக்கெட், ஜெராக்ஸ், ஒரு டீயும் வடையும் சேர்த்தால் அரசு அந்தக் குடும்பத்துக்காகக் கட்டும் 849 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்துவிடும். இலவசக் காப்பீடு என்று பெயர், அதைத் தக்கவைக்கவே கிட்டத்தட்ட பிரீமியம் அளவுக்குச் செலவு.

சரி, இவ்வளவு அலைக்கழித்த பிறகாவது தகுதி இல்லாதவர் அகப்படுகிறாரா? நாளுக்கு 800 ரூபாய் வாங்கும் ஒரு கொத்தனார் மாதம் 15 நாள் வேலைக்குப் போனாலே வருடத்துக்கு 1,44,000 ரூபாய். கணக்குப்படி அவர் வரம்புக்கு வெளியே. ஆனால் அவருடைய கூலிக்கு ரசீது கிடையாது, வங்கிக் கணக்கில் தடயமும் கிடையாது. வி.ஏ.ஓ. எதை வைத்து எழுதுவார்? சொன்னதை எழுதுவார், இல்லாவிட்டால் ஊரில் எல்லோருக்கும் எழுதும் தொகையை எழுதுவார். வரம்பு 72,000-ஆக இருந்தபோது சான்றுகளில் 72,000 என்றே வந்துகொண்டிருந்தது. 1,20,000 ஆனதும் எண் மாறியது, வீடுகள் மாறவில்லை. வருடா வருடம் இந்தச் சான்றைக் கேட்டால் கிடைப்பது புதுத் தேதியிட்ட அதே தாள்தான். கடுமையாகச் சரிபார்த்தால் வெளியே போவது அந்தக் கொத்தனார். அவருடைய முதுகெலும்புக்குத்தான் இந்தத் திட்டமே தேவைப்படுகிறது.

கல்வி உதவித்தொகைக்காகப் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டி, மறுபடியும் வருமானச் சான்று என்றதும் கேட்டார்: "ஏய்யா, போன வருசந்தானே குடுத்தேன்? அதுக்குள்ள நான் என்ன பங்களாவா கட்டிப்பிட்டேன்?" கட்டவில்லை ஆத்தா, ஆனால் சான்றுக்கு ஆயுள் ஒரு வருடம்தான் என்று சொல்லிவிட்டு விரல் ரேகைக் கருவியை நகர்த்தி வைத்தேன்.

ஆண்டுப் புதுப்பிப்பு என்ன செய்யும் என்பதை அமெரிக்கா பெரிய அளவில் பார்த்துவிட்டது. அங்கே ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டில் வருடம் ஒரு முறை தகுதி பார்ப்பது வழக்கம். கொரோனா காலத்தில், 2020 மார்ச் முதல், யாரையும் நீக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். 2023 ஏப்ரலில் மறுபடி ஆரம்பித்தார்கள். அதன் பின் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். அதில் பத்தில் ஏழு பேர் அளவுக்கு, தகுதி இல்லை என்று கண்டுபிடித்து நீக்கப்பட்டவர்கள் அல்லர். படிவம் வந்து சேரவில்லை, வீடு மாறிவிட்டார்கள், ஒரு தாள் குறைந்தது, தேதி தாண்டியது என்ற வகைக் காரணங்களால் விழுந்தவர்கள். கம்ப்யூட்டரும் கால் சென்டரும் நிறைந்த நாட்டிலேயே இந்தக் கதி. நம் ஊரில் கடிதம் அனுப்பி, முப்பது நாளில் பதில் போடு என்றால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இந்த வழி இருந்தது. மத்திய அரசின் பழைய ஆர்.எஸ்.பி.ஒய். திட்டத்தில், 2008 முதல், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய்க்குக் காப்பீடு. ஐந்து பேர் வரை சேரலாம். 30 ரூபாய் கட்டிச் சேர வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அதில் ஒரு நல்ல அம்சமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது: ஆள் போக வேண்டியதில்லை, கருவியோடு குழு ஊருக்கு வரும், ரேகை எடுத்து அங்கேயே அட்டையை அச்சடித்துக் கையில் கொடுக்கும். கெட்ட அம்சம், குழு வரும் அன்று நீங்கள் ஊரில் இருக்க வேண்டும். திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போன குடும்பத்துக்கு அது நடக்காது.

சம்பளத்தில் பிடித்தம் செய்யும் ஈ.எஸ்.ஐ. வேறு ரகம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளிக்கு 0.75 சதவீதமும் முதலாளியிடம் 3.25 சதவீதமும் சேர்ந்து போய்க்கொண்டே இருக்கும். தொழிலாளி தனியாக எதையும் புதுப்பிக்க வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் வேலை. குறைந்தது ஐந்து ஆண்டுகள் ஈ.எஸ்.ஐ.யில் இருந்தவர், ஆண்டுக்கு 120 ரூபாய் முன்கூட்டியே கட்டித் தனக்கும் தன் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். தத்தனேரி ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகும் பழைய மில் தொழிலாளர்களுக்கு இது தெரியும். சின்ன ஒர்க் ஷாப், கடைகளில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

அரசே பார்த்துக்கொள்வது

அமெரிக்கச் சட்டத்தில் நான் கவனித்த நல்ல விஷயம், வரிசை. மாநில அரசு முதலில் தன்னிடம் இருக்கும் தகவலை வைத்தே ஒருவர் தகுதியைப் பார்க்க வேண்டும். அதிலேயே தேறிவிட்டால் அவருக்குப் புதுப்பித்தாகிவிட்டது என்று தகவல் மட்டும் போகும். தேறாவிட்டால்தான், ஏற்கெனவே தெரிந்த விவரங்களை நிரப்பிய படிவம் போகும். குறைந்தது 30 நாள் அவகாசம். அப்படியும் பதில் இல்லாமல் நீக்கப்பட்டவர், 90 நாளுக்குள் தாள்களைக் கொண்டு வந்தால் புது விண்ணப்பம் போடாமல் திரும்பச் சேரலாம்.

இது நமக்கு அந்நியமான சங்கதி இல்லை. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையில் யாரும் வருமானச் சான்று வாங்கி வரவில்லை. ரேஷன் கடை வாரியாக முகாம் நடந்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், நஞ்சை ஐந்து ஏக்கர், புஞ்சை பத்து ஏக்கர், வருடம் 3,600 யூனிட் மின்சாரம் என்ற வரம்புகளை அரசு தன் கையில் இருந்த தகவலோடு ஒப்பிட்டது. நிராகரித்தவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியில் வந்தது. 30 நாளுக்குள் இ-சேவை மூலம் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றும் வைத்தார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்குச் செய்ய முடிந்த வேலையைக் காப்பீட்டுக்குச் செய்ய முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

காப்பீட்டுக்கு இதைவிடச் சுலபம். 35 கிலோ அரிசி வாங்கும் அந்தியோதயா அட்டைக் குடும்பம், முதியோர் ஓய்வூதியம் வாங்கும் பாட்டி, நூறு நாள் வேலை அட்டையில் உண்மையாக வேலை பார்த்திருப்பவர்: இவர்களையெல்லாம் அரசு ஏற்கெனவே ஏழை என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. வருவாய்த் துறை ஏழை என்று ஓய்வூதியம் கொடுத்த ஆளை, அதே வருவாய்த் துறையிடம் போய் ஏழை என்று எழுதி வாங்கி வா என்பது வேடிக்கை. மறுபக்கம், வசதியானவரைப் பிடிக்க வேண்டுமென்றால் வருமான வரித் தாக்கலும் அரசு ஊழியர் சம்பளப் பட்டியலும் வி.ஏ.ஓ. கையெழுத்தைவிட நூறு மடங்கு நல்ல கண்ணி.

குறை இல்லாமல் இல்லை. உரிமைத் தொகையில் மனு எழுத வந்தவர்களிடம் பார்த்த சிக்கல்களே இங்கேயும் வரும். அண்ணன் தம்பி மூன்று குடித்தனத்துக்கு ஒரே மின் மீட்டர் இருந்தால் யூனிட் கணக்கு ஏறிவிடும். அப்பா பெயரில் பட்டா கிடக்கும், நிலத்தை உழுவது யாரோ. குறுஞ்செய்தி போகும் நம்பர், ஐந்து வருடத்துக்கு முன் ரேஷன் கார்டில் கொடுத்த பழைய சிம். அது இப்போது சென்னையில் வேறு யாரிடமோ இருக்கும்.

இன்னொரு தவறும் உண்டு, அதுதான் என்னைக் கொஞ்சம் பயமுறுத்துகிறது. 2023-இல் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் கம்ப்யூட்டர், தகுதியை ஆள் ஆளாகப் பார்க்காமல் குடும்பமாகப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிய வந்தது. குழந்தைகளுக்கு வருமான வரம்பு அங்கே தளர்வு, பெற்றோருக்கு இறுக்கம். அப்பாவின் விவரத்தில் சந்தேகம் வந்தால் மொத்த வீட்டையும் படிவம் கேட்டு நிறுத்தியது, பதில் வராவிட்டால் எல்லோரையும் தள்ளியது. தகுதியுள்ள குழந்தைகளும் சேர்ந்து விழுந்தார்கள். சுமார் ஐந்து லட்சம் பேருக்குக் காப்பீட்டைத் திருப்பித் தர வேண்டி வந்தது, பெரும்பாலும் குழந்தைகள். நம் திட்டம் முழுவதுமே குடும்ப அட்டையின் மேல் நிற்கிறது. ஒரு மகன் அரசு வேலைக்குப் போனதும் அந்தக் கார்டில் இருக்கும் தாத்தா, விதவை அத்தை, அத்தையின் பிள்ளை எல்லோரையும் கம்ப்யூட்டர் ஒரே அழுத்தில் தூக்கிவிடும் ஆபத்து இங்கே இன்னும் அதிகம். மதுரைப் பக்கத்தில் கூட்டுக் குடும்பக் கார்டு இன்னும் குறையவில்லை.

ஆகவே, அரசே பார்ப்பது என்றால் ஒரு நிபந்தனையோடுதான்: கம்ப்யூட்டர் "தொடரட்டும்" என்று தானாகச் சொல்லலாம், "நீக்கு" என்று தானாகச் சொல்லக் கூடாது. நீக்க வேண்டுமானால் ஓர் ஆள் பார்த்து, ஓர் ஆளிடம் கேட்டிருக்க வேண்டும்.

வீட்டுப் பக்கத்திலேயே கேட்பது

அந்த ஓர் ஆள் எங்கே பார்ப்பார்? முகாமா, ரேஷன் கடையா, வீட்டுக்கு வரும் ஊழியரா?

முகாம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2025-இல் "உங்களுடன் ஸ்டாலின்", "நலம் காக்கும் ஸ்டாலின்" என்று முகாம்கள் நடந்தன; பந்தல், டோக்கன், மைக், எல்லாத் துறையும் ஒரே இடத்தில். புதிதாகச் சேர்வதற்கு அது நல்ல இடம். புதுப்பிப்பதற்கு அல்ல. முகாம் முடிந்த மறுநாள் வரும் சந்தேகத்துக்கு அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

ரேஷன் கடை எனக்குப் பிடித்த யோசனை. மாதம் ஒரு முறையாவது வீட்டில் யாராவது போகும் இடம் அது ஒன்றுதான். விற்பனையாளருக்குக் குடும்பம் தெரியும். கருவி இருக்கிறது, ஆதார் இணைப்பு இருக்கிறது, குடும்ப உறுப்பினர்களின் விரல் ரேகைப் பதிவும் அங்கே நடந்து வருகிறது. அந்தப் பதிவின்போதே, "காப்பீட்டில் இந்தப் பெயர்கள் இருக்கின்றன, யாராவது விட்டுப் போச்சா?" என்று திரையில் காட்டிக் கேட்டால் போதும். கல்யாணமான பெண்ணின் கதையில் பாதி அங்கேயே தீரும்.

ஆனால் ரேகை. மேலூர், கீழவளவுப் பக்கம் கல் உடைத்த கைகளுக்கு ரேகை கிடைப்பது அபூர்வம். நாற்று நட்ட கை, பாத்திரம் தேய்த்த கை எல்லாம் அப்படித்தான். கட்டை விரலை முந்தானையில் துடைத்து வைப்பார்கள், சிவப்பு வரும். எண்ணெய் தொட்டு வைப்பார்கள், சிவப்பு வரும். ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றிப் பார்த்துக் கடைசியில் இடது கைச் சுண்டு விரலில் பச்சை விழும்போது பின்னால் நிற்கும் வரிசையே கைதட்டும். கருவிழிக் கருவி உள்ள கடைகளில் இந்தப் பாடு குறைவு. கண் புரை உள்ளவருக்கு அதுவும் கஷ்டம். ரேகை விழாததை "ஆள் இல்லை" என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதைச் சட்டமாகவே எழுதி வைக்க வேண்டும்.

இன்னொரு பயம், ரேஷன் கடைக்காரர் தலையில் இன்னொரு வேலையா என்பது. நியாயம்தான். மாதத் தொடக்கத்து நெரிசலில் இதைக் கேட்டால் கடையில் சண்டை வரும். ஆகவே எல்லோருக்கும் ஒரே மாதம் வைக்கக் கூடாது. தொழிலாளர் வைப்பு நிதி ஓய்வூதியத்தில் இப்போது வாழ்நாள் சான்றை எந்த மாதத்திலும் கொடுக்கலாம்; கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். முன்பு எல்லாரும் நவம்பரில் வங்கி வாசலில் நின்றார்கள். அந்த மாதிரி, குடும்ப அட்டை எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து மாதங்களைப் பிரித்துவிட்டால் ஒரு கடைக்கு நாளைக்குச் சில கார்டுகள்தான் வரும்.

கடைக்கும் வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. மக்களைத் தேடி மருத்துவத்தில், 2021 முதல், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறார்கள். அரிசி மூட்டையோடு வருபவரோ மாத்திரையோடு வருபவரோ ஒரு செல்போனில் பெயர்ப் பட்டியலைக் காட்டிக் கேட்டுவிட்டுப் போகலாம். தனியாக ஒரு படையைத் திரட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண்களுக்கு இதற்கென்று ஊக்கத்தொகை கொடுக்க வேண்டும். ஏற்கெனவே குறைந்த பணத்துக்கு நிறைய நடக்கிறார்கள்.

ஒரேயடியாக நீண்ட காலம் கொடுப்பது

நான்காவது வழி எளிது. ஒப்பந்தம் ஐந்தாண்டு என்றால் தகுதியும் ஐந்தாண்டு. நடுவில் யாரும் எதையும் கேட்கக் கூடாது. அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல் எல்லா மாநிலங்களிலும் குழந்தைகளுக்கு ஒரு தடவை தகுதி கிடைத்தால் 12 மாதத்துக்கு, நடுவில் அப்பாவின் சம்பளம் ஏறினாலும் இறங்கினாலும், தொட முடியாது. அதே நாடு 2025 ஜூலையில் வேறு பக்கம் திரும்பியது. புதுச் சட்டப்படி, மெடிக்கெய்ட் வருமான வரம்பைத் தளர்த்தி விரிவாக்கியபோது சேர்ந்த பெரியவர்களுக்கு 2026 முடிவிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தகுதி பார்க்கப் போகிறார்கள். ஒரே வீட்டில் பிள்ளைக்கு ஒரு வருடம், அம்மாவுக்கு ஆறு மாதம். தேதிகளை நினைவு வைத்துக்கொள்ளவே ஒரு ஆள் வேண்டும்.

நீண்ட காலம் கொடுத்தால் தகுதி இல்லாதவர்கள் ஒட்டிக்கொள்வார்களே என்பார்கள். ஒட்டிக்கொள்ளட்டும் என்றுதான் சொல்வேன். ஒரு குடும்பம் வசதியாகிவிட்டதைத் தாமதமாகக் கண்டுபிடித்தால் அரசுக்குப் போவது வருடத்துக்கு 849 ரூபாய். தகுதியுள்ள ஒரு குடும்பத்தைத் தவறாக நீக்கினால் அந்த வீட்டில் போவது ஒரு இதய ஆபரேஷனுக்கு விற்ற நகை, அடகு வைத்த நிலம், மீட்டர் வட்டிக்கு வாங்கிய கடன். இரண்டும் சமமான தவறு என்று பேசுவது கணக்குத் தெரியாத பேச்சு. அதோடு, உண்மையிலேயே வசதியானவர் தனியார் பாலிசி வைத்துக்கொண்டு தனி அறை கேட்பவர். இந்த அட்டையை அவர் எடுத்துக்கொண்டு போவது குறைவு.

ஆனால் நீண்ட காலம் மட்டும் போதாது. ஐந்து வருடம் யாரும் எதையும் கேட்காவிட்டால் அந்தக் கல்யாணமான பெண் ஐந்து வருடமும் வெளியேதான் இருப்பாள். இந்த வழி உள்ளே இருப்பவர்களைக் காக்கும், விட்டுப்போனவர்களைத் தேடாது.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

தகுதியை ஐந்தாண்டுக்குக் கொடுங்கள். வருமானச் சான்று முதல் தடவை சேரும்போது மட்டும். அதுவும் அந்தியோதயா, முதியோர் ஓய்வூதியக் குடும்பங்களுக்கு வேண்டாம். வருடம் ஒரு முறை அரசு தன் பதிவுகளைத் தானே ஒப்பிடட்டும். பிரச்சினை இல்லாத வீட்டுக்கு, "உங்கள் காப்பீடு தொடர்கிறது, நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்" என்று தமிழில் ஒரு வரிச் செய்தி. சந்தேகம் உள்ள வீட்டுக்கு, ரேஷன் கடைக் கருவியில் அந்தக் கார்டு வரும்போது ஒரு சீட்டு அச்சாகட்டும்: எந்தப் பெயரில் என்ன சந்தேகம், எந்தத் தாள் வேண்டும், எந்த நாளுக்குள். சந்தேகம் வந்த ஆளை மட்டும் கேட்க வேண்டும், மொத்தக் கார்டையும் நிறுத்தக் கூடாது. பதில் வராவிட்டால் அடுத்த தடவை கேட்கலாம்.

பெயர் சேர்ப்பதுதான் இதில் உயிர்நாடி. இப்போது ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது ஒரு வேலை, காப்பீட்டில் சேர்ப்பது வேறு வேலை. முதல் வேலை முடிந்ததும் இரண்டாவது தானாக முடிய வேண்டும். பெயர் சேர்க்கப் போன இடத்தில் மறுபடி வருமானச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பிய கதைகளை நான் அடிக்கடி கேட்கிறேன். ஒரு குழந்தை பிறந்ததால் ஒரு வீட்டு வருமானம் ஏறிவிடாது. பிறப்புச் சான்று வந்தால் குழந்தை பெயர் ஏறட்டும், இறப்புச் சான்று வந்தால் தலைவர் பெயர் மனைவிக்கு மாறட்டும்.

ஆஸ்பத்திரி மேசையில் சிக்கல் தெரிந்தால் என்ன செய்வது என்பதற்கு அமெரிக்காவின் 90 நாள் விதியைக் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொள்ளலாம். பழைய அட்டை இருக்கிறது, பெயரில்தான் குழப்பம் என்றால் சிகிச்சை தொடங்கட்டும். தாள்களைச் சரிசெய்ய 90 நாள் அவகாசம். நோயாளியின் மகன் வார்டை விட்டுவிட்டுக் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிற்கும் கொடுமை அதோடு ஒழியும்.

இந்த ஏற்பாட்டிலும் என் மையத்துக்கு வேலை இருக்கும்: இனிஷியல் திருத்தம், முனியம்மா, முனியம்மாள் ஆன கதை, பிறந்த தேதி தப்பு. அதற்கே பகல் முழுதும் போதாது.

அதெல்லாம் வரும்போது வரட்டும். இப்போதைக்கு வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கார்டையும் காப்பீட்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரேஷன் கார்டில் இருக்கும் எல்லாப் பெயரும் காப்பீட்டில் இருக்கிறதா, புது மருமகள் பெயர் கார்டில் ஏறியிருக்கிறதா, இறந்தவர் பெயரிலேயே அட்டை கிடக்கிறதா, கார்டில் கொடுத்த செல்போன் நம்பர் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா. குறை இருந்தால் ரேஷன் கார்டை முதலில் சரிசெய்யுங்கள், காப்பீட்டுக்குப் பிறகு போங்கள். தலைகீழாகப் போனால் இரண்டு தடவை அலைவீர்கள். அட்டை தொலைந்துபோனால் பதற வேண்டாம், ரேஷன் கார்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.